குதிகால் மெத்தை தேஞ்சு போச்சா? வயசானவங்க பாதம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினஞ்சு வருஷமா பிசியோதெரபி பாக்குறேன். முட்டி வலிக்கு அடுத்தபடியா எங்க கிளினிக்குக்கு அதிகமா வர்றது குதிகால் வலிதான். அதுலயும் அம்பது அறுபது தாண்டுனவங்க உள்ள வரும்போதே எக்ஸ்ரே கவர கையில பிடிச்சுக்கிட்டு "எலும்பு வளந்துருச்சாம் மேடம்"னு சொல்லிக்கிட்டேதான் வருவாங்க. எலும்பப் பத்தி எல்லாருக்கும் தெரியுது, அந்த எலும்புக்கு அடியில இருக்குற மெத்தையப் பத்தி அவங்ககிட்ட யாரும் பேசுனதே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒரே கதைய சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சுட்டேன்.

பாதத்துல மெத்தையா? எங்க இருக்கு?

வீட்டுல அஞ்சாறு வயசுக் குழந்தை இருந்தா அது குதிகால்ல உங்க கட்டைவிரல வச்சு அமுக்கிப் பாருங்க. பொதுக்குனு உள்ள போகும், விரல எடுத்ததும் டக்குனு மேல வந்துரும். அப்புறம் அதே மாதிரி பாட்டியோட குதிகால அமுக்குங்க. சிலருக்கு உடனே எலும்பு தட்டுப்படும், சிலருக்கு சதை தடிமனாவே இருக்கும் ஆனா அமுங்கவே அமுங்காது, காய்ஞ்ச ரப்பர் மாதிரி. அந்த வித்தியாசம்தான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போற விஷயம்.

குதிகால் எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல பெரியவங்களுக்கு சுமாரா ஒன்றரைல இருந்து ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் கொழுப்பு இருக்கு. வயித்துல தொங்குற மாதிரி சும்மா தளதளன்னு கிடக்குற கொழுப்பு இல்ல இது, தேன்கூடு மாதிரி குட்டிக்குட்டி அறையா பிரிச்சு ஒவ்வொரு அறையிலயும் கொழுப்ப அடைச்சு வச்சிருக்கு, அறைக்கு சுவர் நார்த்திசு. நீங்க கால ஊனும்போது கொழுப்பு பக்கவாட்டுல ஓடிரப் பாக்கும், சுவர் விடாது, அதனால அமுங்கி அதிர்ச்சிய வாங்கிக்கிட்டு திரும்ப எழும்பிடும். ஒவ்வொரு அடிக்கும் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு அமுங்கி எழும்புது. இதே மாதிரி இன்னொரு மெத்தை முன்பாதத்துல, விரல்கள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேடா இருக்கே, அந்த இடத்துல இருக்கு.

வயசானா இந்தக் கொழுப்பு கரைஞ்சு போயிடுமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, பாதி உண்மை. நாப்பதுக்கு மேல மெதுவா ஆரம்பிக்கிற வேலை இது, சிலருக்கு மெத்தை மெலிஞ்சும் போகுது. ஆனா பெரிய சிக்கல் சுவர்லதான். அந்த நார்ச்சுவர்ல இழுத்தா இழுபட்டு விட்டா சுருங்குற எலாஸ்டின் இழைங்க இருக்கு, வயசாக ஆக அது அங்கங்க அறுந்து நைஞ்சு போகும், சுவர் விறைச்சுப் போகும், ஈரப்பசையும் குறையும்.

பழைய இலவம்பஞ்சு மெத்தைய நினைச்சுப் பாருங்க. பஞ்சு எங்கயும் போகல, எடை போட்டா அதே எடைதான் இருக்கும், ஆனா கட்டி கட்டியா ஓரத்துக்கு ஒதுங்கி நடுவுல படுத்தா கட்டில் பலகை முதுகுல குத்தும். குதிகாலும் அப்படித்தான், கொழுப்பு ஓரத்துக்கு நகந்து குதிகால் அகலமா தெரியும், நடுவுல எலும்புக்கு காவல் இருக்காது. அதனாலதான் ஸ்கேன்ல "தடிமன் நார்மலா இருக்கு"ன்னு வந்த பிறகும் சிலருக்கு வலி அப்படியே இருக்கு.

டயட் இருந்து எடை குறைச்சா பாதக் கொழுப்பும் குறைஞ்சுருமா?

குறையாது, பயப்படாம குறைங்க. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணுக்குப் பின்னாடி இருக்குற கொழுப்பெல்லாம் உடம்பு தாங்கலுக்காக வச்சிருக்குறது, பசிக்கு எடுத்து எரிக்கிற கொழுப்பு இல்ல. எடை குறைஞ்சா மெத்தை மேல விழுற பாரம் குறையும், அது லாபம்தான்.

எக்ஸ்ரேல முள்ளு மாதிரி எலும்பு வளந்துருக்குன்னு சொன்னாங்களே, அதுதான வலிக்குக் காரணம்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தா அந்த முள்ளு தெரியும். கண்ணுக்குத் தெரியுதுங்கறதுக்காக பழியெல்லாம் அது மேல போட்டுட்டா எப்படி.

குதிகால் வலில ரெண்டு பேர்தான் அடிக்கடி மாட்டுவாங்க. ஒண்ணு பாதத்தோட அடியில குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் போற தடிச்ச நார், அது புண்ணானா காலைல கட்டில்ல இருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில உயிர் போற மாதிரி சுருக்குனு குத்தும், பத்து இருபது அடி நடந்தா கொஞ்சம் விட்டுரும். வலி குதிகாலோட முன்பக்கம் உள்பக்கமா இருக்கும், அமுக்கிப் பாத்தா அந்த எடத்துலதான் "ஐயோ"ன்னு கத்துவாங்க.

இன்னொண்ணு நம்ம மெத்தை. இதுல காலைல அவ்வளவா தெரியாது, நாள் போகப் போக, நிக்க நிக்க ஏறும். வலி குதிகாலுக்கு நட்ட நடுவுல, அடிபட்டு கன்னிப்போன மாதிரி ஆழமா இருக்கும். கெட்டித் தரைல வெறுங்காலோட நடந்தா தாங்காது, அதே ஆள் புல்தரைலயோ மணல்லயோ நடந்தா "இப்ப பரவால்லயே"ம்பாங்க. இந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டாலே எனக்குப் பாதி வேலை முடிஞ்சுரும்: "வீட்டுக்குள்ள வலி ஜாஸ்தியா, வெளியில செருப்பு போட்டுட்டுப் போகும்போது ஜாஸ்தியா?" வீட்டுக்குள்ளதான்னு சொன்னா மெத்தை மேல சந்தேகம் வந்துரும். ரெண்டும் சேந்து இருக்குறவங்களும் உண்டு, அவங்க கதை கொஞ்சம் நீளம்.

எனக்குக் குதிகால் இல்ல, முன்பாதத்துல கூழாங்கல் மேல நிக்கிற மாதிரி இருக்கு. அதுவும் இதுதானா?

பெரும்பாலும் இதோட தம்பிதான். வயசாக ஆக சிலருக்கு விரல்கள் பருந்தோட நகம் மாதிரி வளைஞ்சு மடங்க ஆரம்பிக்கும், அப்படி மடங்கும்போது அடியில இருக்குற மெத்தையையும் முன்னாடி இழுத்துக்கிட்டுப் போயிரும், எலும்பு முனை நேரா தோல் மேல உக்காந்துரும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கற மூட்டு வாத நோய் இருக்குறவங்களுக்கு இது சீக்கிரமே வரும். ஹை ஹீல்ஸ் போட்டா மொத்த பாரமும் அங்கதான் இறங்கும். அந்த எடத்துல தோல் தடிச்சு ஆணி மாதிரி ஆகும், அத பிளேடு வச்சு செதுக்குறது, கார்ன் கேப்னு கடைல விக்கிற மருந்துப் பிளாஸ்டர் ஒட்டுறது ரெண்டும் வேண்டாம், முக்கியமா சுகர் இருந்தா வேண்டவே வேண்டாம். அது உடம்பு தனக்குத் தானே போட்டுக்கிட்ட ஒட்டு, பாரத்தக் குறைக்காம செதுக்குனா ஒரு மாசத்துல திரும்ப வந்து நிக்கும்.

எங்க அம்மாவுக்கு 63 வயசு. புது வீடு கட்டி டைல்ஸ் போட்ட பிறகுதான் வலின்னு சொல்றாங்க. தரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு, நிறைய இருக்கு. அம்மா சொல்றத நம்புங்க. சாணி மெழுகுன மண் தரை கொஞ்சமாவது அமுங்கிக் கொடுக்கும், டைல்ஸும் கிரானைட்டும் துளி கூடக் கொடுக்காது. அப்ப அம்மாவுக்கு மெத்தை நல்லா இருந்த வயசு, தரையும் தாங்குச்சு. இப்ப மெத்தையும் விறைச்சுப் போச்சு தரையும் கல்லா ஆயிடுச்சு, ரெண்டு கல்லுக்கு நடுவுல எலும்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ளயே ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி நடக்குறாங்கன்னு வச்சுக்கங்க, அதுல ஒரு காலுக்கு ரெண்டாயிரம். ஒவ்வொரு அடியிலயும் உடம்பு எடை முழுசும், கொஞ்சம் கூடவும், அந்தக் குதிகால்ல இறங்குது. இதுல அடுப்பங்கரைல காலைல ரெண்டு மணி நேரம் நிக்கிறது தனிக்கணக்கு. எங்கிட்ட வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா பழைய காட்டன் புடவைய எட்டா மடிச்சு அடுப்பு முன்னாடி போட்டு அது மேலதான் நின்னு சமைப்பாங்களாம், யாரும் சொல்லித் தரல, கால் சொல்லிக் கொடுத்துருக்கு. நான் அதுக்குப் பதிலா வழுக்காத ரப்பர் மேட்டு ஒண்ணு வாங்கிப் போடச் சொன்னேன், ஏன்னா மடிச்ச புடவை டைல்ஸ்ல வழுக்கும், இந்த வயசுல விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும்.

தேஞ்ச மெத்தை திரும்ப வளருமா?

வளராது. வளர வைக்கிற மாத்திரை தைலம் எதுவும் இல்ல. ஆனா வலி போகாதுன்னு அர்த்தம் இல்ல, உள்ள குறைஞ்சத வெளியில இருந்து கடன் வாங்கலாம், செருப்பும், அதுக்குள்ள குதிகால் எடத்துல வைக்கிற ஹீல் கப்பும் அதுக்குத்தான். ஒழுங்கா போட்டா நிறையப் பேர் சில வாரத்துல "இப்ப நடக்க முடியுது மேடம்"னு வந்து சொல்றாங்க.

சிலிக்கான் பேட் வாங்கி வச்சேன், ஒண்ணும் பிரயோஜனம் இல்லையே?

தட்டையா பிஸ்கட் மாதிரி இருக்குறத வாங்கிருப்பீங்க. நமக்கு வேண்டியது கிண்ணம் மாதிரி ஓரம் தூக்கி இருக்குற ஹீல் கப். ஓரத்துக்கு ஒதுங்குன கொழுப்ப அந்தக் கிண்ணம் நாலு பக்கமும் அணைச்சு திரும்ப எலும்புக்கு அடியில கொண்டு வந்து நிறுத்தும். உங்க ரெண்டு கையால குதிகால் ரெண்டு பக்கத்தையும் சேத்து அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தர நடுவுல அமுக்கச் சொல்லுங்க, விட்டுட்டு அமுக்கச் சொல்லுங்க, வித்தியாசம் தெரியும். பிசியோல டேப் ஒட்டுறதும் இதே தத்துவம்தான். இன்னொண்ணு, ஒத்தக் கால்ல வலி இருந்தாலும் கப்ப ரெண்டு கால்லயும் போடுங்க, இல்லன்னா ஒரு பக்கம் உயரம் கூடி இடுப்பு வலின்னு வந்து நிப்பீங்க.

எந்த செருப்பு வாங்குறது? எம்.சி.ஆர். செருப்பு நல்லதா?

நல்லது. எம்.சி.ஆர்.னா மைக்ரோசெல்லுலார் ரப்பர், உள்ள குட்டிக்குட்டி காத்து அறை இருக்குற ரப்பர். ஒரு விதத்துல நம்ம குதிகால் மெத்தைய பாத்து காப்பி அடிச்ச மாதிரிதான். நம்ம ஊர்ல இதுக்கு ஒரு கதையே இருக்கு. வேலூர் சி.எம்.சி.க்கு 1946-ல வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்களுக்கு வேலை பாத்தவர், உணர்ச்சி இல்லாத கால்ல புண்ணு ஏன் ஆறவே மாட்டேங்குதுன்னு தேடிப் போய், திரும்பத் திரும்ப ஒரே எடத்துல விழுற அழுத்தம்தான் காரணம்னு கண்டுக்கிட்டு வேலூர்லயும் பக்கத்துல கரிகிரிலயும் இந்த ரப்பர் செருப்ப செஞ்சு பாத்தாங்க. இன்னைக்கு சுகர்காரங்க போடுற செருப்பெல்லாம் அந்த வழில வந்ததுதான்.

கடைல வாங்கும்போது ஆர்த்தோன்னு எழுதிருக்கான்னு பாக்காதீங்க, கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. அமுங்கணும், எடுத்ததும் எழும்பணும். அமுங்கவே இல்லன்னா வேஸ்ட், அமுங்கி குழியாவே நின்னுச்சுன்னா அது மூணு மாசத்துல அப்பளம் ஆயிரும். அடிப்பக்கம் கெட்டியா, மேல்பக்கம் மெத்துனு, குதிகாலுக்குக் கொஞ்சம் குழிவா, பின்னாடி பட்டை வச்சு இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா லூசு செருப்ப பிடிச்சு நிறுத்தவே விரல் மடங்கும், விரல் மடங்குனா முன்பாத மெத்தை நகரும். சாயங்காலம் போய் வாங்குங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி நிஜ அளவுல இருக்கும். பழைய நம்பர் சொல்லாம கால அளந்து பாருங்க, வயசானா தசைநார் தளந்து பாதம் நீளமும் அகலமும் ஆகும், முப்பது வயசுல ஏழு போட்டவங்க அறுபதுல எட்டு போட வேண்டி வரும்.

உங்க பழைய செருப்ப திருப்பிப் பாருங்க, குதிகால் எடத்துல பள்ளம் விழுந்து பளபளன்னு இருந்தா அது செத்துப்போச்சு. வார் அறுந்தாத்தான் செருப்பு மாத்தணும்னு ஒரு சட்டம் வச்சிருக்கோம் நம்ம வீடுகள்ல, அத மாத்துங்க.

அக்குபிரஷர் செருப்பு, பார்க்ல கூழாங்கல் பதிச்ச எட்டு நடைபாதை இதெல்லாம் போகலாமா?

மெத்தை தேஞ்சவங்களுக்கு அது தண்டனை. எட்டு போட்டு நடக்குறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, நல்ல ஷூ போட்டுக்கிட்டு சாதா தரைல எட்டு போடுங்க. குத்துற கல்லு மேல வெறுங்காலோட வேண்டாம். சுகர்ல கால் மரத்தவங்க கிட்டயே போகாதீங்க, குத்துறது தெரியலன்னு சந்தோசப்பட்டுக்கிட்டே புண்ணோட வீட்டுக்கு வருவீங்க.

செங்கல்ல சூடு பண்ணி எருக்கிலை வச்சு மிதிச்சா சரியாகும்னு பாட்டி சொல்றாங்க?

சூடு பட்டா கெண்டைக்கால், நார் எல்லாம் கொஞ்ச நேரம் தளரும், இதமா இருக்கும், அது உண்மை. மெத்தைக்கு அதனால ஒண்ணும் ஆகாது. எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து, இலைய பறிக்கிறவங்க கைய கழுவுங்க. சுகர் இருக்குறவங்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் கூடவே கூடாது. செங்கல் சூடு தெரியாம மிதிச்சு உள்ளங்கால் முழுக்கக் கொப்பளத்தோட ஒரு தாத்தா வந்தாரு, வலி போய் ரெண்டு மாசம் கட்டு மாத்துனதுதான் மிச்சம்.

ஊசி போட்டா உடனே கேக்குதுங்கறாங்களே?

ஸ்டீராய்டு ஊசி நார் புண்ணுக்குப் போடுறது, சில பேருக்கு நல்லாவும் கேக்கும். ஆனா மருந்து மெத்தைக்குள்ள இறங்குனா, அதுவும் திரும்பத் திரும்பப் போட்டா, இருக்குற கொழுப்பும் சுருங்கிப் போகும். அதனால ஊசிக்கு முன்னாடி "டாக்டர், வலி நார்லயா, மெத்தைலயா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வயித்துக் கொழுப்ப எடுத்துப் பாதத்துல வைக்கலாமாமே?

செய்யுறாங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இதுக்குன்னே ஆராய்ச்சி நடந்துருக்கு, வச்ச கொழுப்புல கொஞ்சம் கரைஞ்சாலும் வலி குறைஞ்சுதுன்னு சொல்லிருக்காங்க. செருப்பு, கப்பு எல்லாம் ஒழுங்கா பாத்து முடியாதவங்களுக்குத்தான் அந்தப் பேச்சே. வீட்டுக்குள்ள செருப்பு போட மாட்டேன், ஆனா ஆபரேஷனுக்கு ரெடின்னு ஒருத்தர் சொன்னாரு, என்ன சொல்றதுன்னே தெரியல.

ஆட்டுக்கால் சூப்பு, காலஜன் பவுடர்?

சூப்பு ருசிக்குக் குடிங்க. ஆட்டோட கால்ல இருந்து நேரா உங்க கால்ல போய் உக்காராது, வயித்துல செரிச்சுரும். பவுடர் காசுல நல்ல செருப்பு ரெண்டு ஜோடி வரும்.

ஜவுளிக்கடைல வேலை, பத்து மணி நேரம் நிக்கணும். நான் என்ன பண்றது?

நின்னே இருக்குறது நடக்குறத விட மோசம், மெத்தைக்கு எழும்ப நேரமே கிடைக்காது. தமிழ்நாட்டுல 2021-ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தி வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை கொடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, நீங்க கேக்குறது உங்க உரிமை. கஸ்டமர் இல்லாத நேரம் அஞ்சு நிமிசம் உக்காருங்க. கடைக்குள்ள செருப்பு கூடாதுன்னா ஹீல் கப் வச்ச சாக்ஸ் வருது, அதப் போடுங்க. ராத்திரி சுவத்துல கை ஊனி ஒரு கால பின்னாடி நீட்டி குதிகால் தரையிலயே இருக்க கெண்டைக்கால இழுத்து விடுங்க, முப்பது செகண்ட், ஒவ்வொரு காலுக்கும் மூணு தடவ. கெண்டைக்கால் இறுக்கமா இருந்தா குதிகால், முன்பாதம் ரெண்டுமே பாரம் கூட வாங்கும்.

கிரிவலம் வெறுங்காலோடதான போகணும்?

திருவண்ணாமலை சுத்து 14 கிலோமீட்டர், எல்லாம் தார் ரோடும் சிமெண்டும். சாக்ஸ் போட்டுப் போறவங்கள நானே பாத்துருக்கேன், அண்ணாமலையார் ஒண்ணும் கோவிச்சுக்கல. பகல் வெயில் வேண்டாம், நடுவுல உக்காந்து உக்காந்து போங்க. கால் மரத்துப்போன சுகர்காரங்க வெறுங்காலோட போறதுக்கு நான் சரின்னு சொல்லவே மாட்டேன்.

எப்ப டாக்டர்கிட்ட போயே ஆகணும்?

விழுந்தோ குதிச்சோ பிறகு கால் ஊனவே முடியலன்னா, குதிகால ரெண்டு பக்கமும் சேத்து அமுக்குனா உயிர் போகுதுன்னா (எலும்புல விரிசல் இருக்கலாம்), சிவந்து வீங்கி காய்ச்சல் அடிச்சா, படுத்திருக்கும்போதும் ராத்திரி வலிச்சா, சுகர் இருந்து பாதத்துல சின்னப் புண்ணோ நிற மாற்றமோ தெரிஞ்சா அன்னைக்கே. இன்னொண்ணு, சின்ன வயசுப் பையனுக்கு ரெண்டு குதிகாலும் வலிச்சு காலைல முதுகும் விறைச்சுக்கிட்டா அது வாத நோயா இருக்கலாம், மெத்தைன்னு நினைச்சு செருப்பு வாங்கிக் கொடுத்துட்டு உக்காந்துராதீங்க.

வீட்டுக்குள்ள செருப்பு போட எங்க வீட்டுப் பெரியவங்க ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க, பூஜை ரூம் இருக்குன்னு சொல்றாங்க. என்ன பண்ண?

இத எங்கிட்ட கேக்காதவங்களே இல்ல, எங்க அம்மா உட்பட. ஊருக்கெல்லாம் சொல்றேன் வீட்டுல நடக்கல. கடைசில புதுசா ஒரு ஜோடி வாங்கி, வாசப்படி தாண்டாத செருப்பு இது, தெருவே பாக்காத செருப்பு, அதனால தீட்டு இல்லன்னு பேசி வச்சேன். "செருப்பு"ன்னு சொன்னா மூஞ்சிய சுளிப்பாங்கன்னு "கால் மெத்தை"ன்னு பேரு வச்சோம். இப்ப சமையக்கட்டு வரைக்கும் போட்டுட்டுப் போறாங்க, பூஜை ரூம் வந்ததும் வாசல்ல கழட்டி வச்சுட்டு உள்ள கெட்டிப் பாய் மேல நின்னு விளக்கேத்திட்டு வர்றாங்க. அஞ்சு நிமிசம்தான, குதிகால் அதத் தாங்கிக்கும். போன வாரம் சித்தி வந்தப்ப அம்மாவே சித்தியோட கால் நம்பரக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.